மலையேறும் பையில் ஒரு வெப்பநிலைமானி

(மாணவர்களை மலை முகாமுக்கு அழைத்துச் செல்லும் சாரண, பசுமைப்படைப் பொறுப்பாசிரியர்களுக்கான ஒரு நாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



முகாமுக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. போர்வை, டார்ச், கயிறு, தட்டு, டம்ளர், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. வெப்பநிலைமானி மட்டும் இல்லை. “அதற்கென்ன சார், போனில் பார்த்துக்கொள்ளலாமே” என்று காலைத் தேநீர் வேளையிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். அதனால் போனிலிருந்தே தொடங்குகிறேன்.

போனில் தெரியும் 18 டிகிரி என்பது போன் அளந்த எண் அல்ல. எங்கோ உள்ள வானிலைக் கணிப்பிலிருந்து இணையம் வழியாக வந்த எண். பெரும்பாலும் அது பக்கத்து ஊருக்கானது. ஊர் கீழே, நம் முகாம் 500 மீட்டர் மேலே என்றால் 3 டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. மலையில் சிக்னல் இல்லாவிட்டால் நேற்றைய எண்ணே திரையில் நிற்கும். அது பழையது என்று கவனிப்பவர் குறைவு. போனுக்குள் வெப்பம் உணரும் பாகம் உண்டு, ஆனால் அது பேட்டரி சூடாகாமல் பார்த்துக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்4-இல் காற்றின் வெப்பநிலையை அறியவே ஓர் உணரி இருந்தது. அடுத்து வந்த எஸ்5-இல் அது இல்லை. சட்டைப் பையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் ஒரு கருவி, காற்றின் வெப்பத்தை எப்படித் தனியாகப் பிரித்துச் சொல்லும்?

மலையேறுவோருக்கான கைக்கடிகாரங்களிலும் இதே கதைதான். காசியோ போன்ற கடிகாரங்களின் கையேட்டிலேயே இது இருக்கிறது: கையிலிருந்து கழற்றி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் 20 முதல் 30 நிமிடம் வைத்த பிறகு பார்த்தால்தான் சரியான வெப்பநிலை தெரியும். மணிக்கட்டில் கட்டியபடி பார்த்தால் பாதி நம் உடம்பு, பாதி காற்று.

வெப்பநிலைமானி எதுவாக இருந்தாலும் அது தன் வெப்பநிலையைத்தான் சொல்கிறது. காற்றின் வெப்பநிலையைச் சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கருவியும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்தால் மட்டுமே அது உண்மை. வெயிலில் தொங்கும் மானி வெயிலில் காய்ந்த மானியின் வெப்பத்தைச் சொல்லும். கூடாரத்துக்குள் தொங்கும் மானி, உள்ளே படுத்திருக்கும் ஆறு பிள்ளைகளின் மூச்சையும் சேர்த்துச் சொல்லும். வானிலை நிலையங்களில் நான்கு கால்களின் மேல், பக்கமெல்லாம் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதிய இராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. ஆங்கில ஆசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் பொதுவாக ஒரு செய்தி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் உள்ளே போய்வர வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பெட்டி. நாம் அதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. அது செய்யும் வேலையை மர நிழலும் ஒரு முழக் கயிறும் ஓரளவு செய்துவிடும்.

எதைக் கொண்டுபோவது? ஏழாம் வகுப்பு அறிவியலில் மருத்துவ வெப்பநிலைமானியும் ஆய்வக வெப்பநிலைமானியும் அடுத்தடுத்து வருகின்றன. முதலுதவிப் பெட்டியில் இருப்பது மருத்துவ வகை. அதில் 35 முதல் 42 டிகிரி வரைதான் கோடுகள் உண்டு. மலைக்காற்றுக்கு அதில் இடமே இல்லை. ஆய்வக வகை நீளமான கண்ணாடிக் குழாய். அதிலும் பாதரசம் உள்ளதை முகாமுக்கு எடுத்துச் செல்லவே கூடாது. பிள்ளைகள் படுக்கும் இடத்தில் உடைந்தால் பாதரசத்தைத் திரட்டி எடுக்க நம்மிடம் வழியில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிக்கு வாங்கிய துப்பாக்கி வடிவக் கருவி பல பள்ளிகளில் பீரோவில் தூங்குகிறது. அதை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். அது பரப்பின் வெப்பத்தை அளப்பது, காற்றை அளக்காது. உடல் வெப்பத்துக்கான நிலையில் வைத்து மலைப்பாறையைக் காட்டினால் ‘லோ’ என்று மட்டும் சொல்லும். ஆனால் பரப்பை அளக்கும் நிலையும் அதில் இருந்தால், நம் ஊர்ப் பாறைக் குன்றில் நண்பகலில் பாறை, புல், மர நிழல் மூன்றையும் அளந்து காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது.

மலைக்கு என் சிபாரிசு மீன்தொட்டிக் கடை. அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, சிவப்புச் சாராயம் நிரப்பிய விரல் நீளக் கண்ணாடி மானி. மற்றொன்று, சிறு பட்டன் பேட்டரியில் ஓடும் திரையும் ஒரு நீள வயரின் நுனியில் உணரியும் கொண்டது. இரண்டுமே சட்டைப் பையில் அடங்கும். எடை பொருட்டே இல்லை. வயர் வகையில் ஒரு வசதி: உணரியைக் கூடாரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, திரையை உள்ளே வைத்துக்கொண்டு, நள்ளிரவில் எழுந்து போகாமலே பார்க்கலாம். பையின் ஜிப்பில் மாட்டும் சிறு மானிகளும் விற்கிறார்கள். அவற்றைப் பையிலேயே விட்டுவிட்டால் முதுகுச் சூட்டைத்தான் காட்டும். கழற்றித் தொங்கவிட வேண்டும்.

திரையில் 14.3 என்று புள்ளி வைத்துக் காட்டுவதாலேயே அது துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள். இவ்வகைக் கருவிகள் ஒரு டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். சரிபார்க்க எளிய வழி, பொடித்த பனிக்கட்டியைக் கொஞ்சம் தண்ணீரோடு டம்ளரில் நிறைத்துக் கலக்கி, நடுவில் உணரியை வைப்பது. சில நிமிடங்களில் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் தூக்கி எறிய வேண்டாம்; “ஒன்று கழிக்கவும்” என்று சீட்டு எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பிழையுள்ள கருவியை அந்தப் பிழை தெரிந்து பயன்படுத்துவது பிள்ளைகளுக்கு ஒரு முழு வகுப்பின் மதிப்புள்ள பாடம்.

அளக்கும் முறை இதுதான். நிழல், நெஞ்சுயரம், தரையிலும் சுவரிலும் படாமல் தொங்க வேண்டும், ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மூச்சு படாமல் தள்ளி நின்று படிக்க வேண்டும். அவசரமென்றால், உடையாத வகை மானியைக் கயிற்றில் கட்டி, கவண் சுற்றுவதுபோல் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு உடனே படிக்கலாம். நிறையக் காற்று அதன்மேல் பட்டுப் போவதால் சீக்கிரம் காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைவாக எடுத்துச் செல்வது பற்றிப் பேசும்போது, நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. குமாவோன் மலையில் மிலாம் என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் நைன் சிங் ராவத். ஆசிரியர் என்பதால்தான் அவருக்குப் ‘பண்டிட்’ என்ற பெயரே வந்தது. அயலார் நுழைய முடியாத திபெத்தை அளப்பதற்காக ஆங்கிலேய அரசின் நில அளவைத் துறை அவரைப் பழக்கி அனுப்பியது. 1865-இல் புறப்பட்டு 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடி வைத்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். வெப்பநிலைமானியை ஊன்றுகோலுக்குள் மறைத்து வைத்திருந்தார், பாதரசம் சோழிகளுக்குள் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அது எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1877-இல் இலண்டன் இராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அதே சோதனையை நம் பிள்ளைகளும் செய்யலாம். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. உதகை சுமார் 2,240 மீட்டரில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாவதன் காரணத்தைச் சமையல் அம்மாவே பிள்ளைகளுக்கு விளக்கிவிடுவார். இதற்கு 110 டிகிரி வரை காட்டும் கருவி வேண்டும்; மீன்தொட்டிக் கண்ணாடி மானியைக் கொதிநீரில் இட்டால் வெடித்துவிடும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே பகலில் 33 டிகிரி என்றால் உதகையில் 20, 21 இருக்கும் என்று வண்டியில் ஏறும் முன்பே பிள்ளைகள் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கணக்கு பகலுக்குத்தான் ஓரளவு பொருந்தும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போல் சரிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்கள் என்று தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த பகுதிகளின் பெயர்தான் அடிபடும். தொட்டபெட்டாவின் பெயர் அவ்வளவாக வராது. ஓடைக்கரைப் புல்வெளி கூடாரம் போட அழகான இடம். இரவில் அதுவே மிகக் குளிரான இடம். ஒரு முகாமில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடைக்கரையில் ஒரு மானி, மேட்டில் ஒரு மானி என்று கட்டிவைத்து விடியற்காலையில் பார்த்தார்கள். மேட்டைவிட ஓடைக்கரை 3 டிகிரி குறைவு. அடுத்த இரவு எங்கே படுப்பது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருவியே இல்லாமல் வெப்பநிலை அறிய ஒரு வழி உண்டு. வீட்டு மூலையில் இரவெல்லாம் கிரிக் கிரிக் என்னும் சுவர்க்கோழி, சூடு ஏறினால் வேகமாகவும் குளிர்ந்தால் மெதுவாகவும் ஒலிக்கும். 1897-இல் அமெரிக்க இயற்பியலாளர் அமோஸ் டால்பேர் இதற்கு ஒரு சூத்திரமே தந்தார். அது அந்நாட்டுப் பூச்சிக்கு உரியது, நம் ஊர்ப் பூச்சிக்கு அப்படியே பொருந்தாது. அதுவும் நல்லதுதான். பத்து இரவுகள் ஒலியை எண்ணி, வெப்பநிலையை அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் நம் பூச்சிக்கான சூத்திரத்தை எட்டாம் வகுப்பே கண்டுபிடிக்கும். மலையில் குளிர் ஏறினால் பூச்சி வாயை மூடிவிடும் என்பதால், முகாமுக்கு இதை நம்பிப் போக வேண்டாம்.

இத்தனையும் எதற்கு? எண் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மானியின் நுனியில் ஈரத் துணியைச் சுற்றித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் உலர்ந்த மானி 15 காட்டும்போது இது 11 காட்டலாம். காற்று உலர்ந்திருந்தால் இன்னும் இறங்கும். ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று மழையில் நனைந்த சட்டையோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஈர மானிதான் அந்தக் குழந்தை. மூடுபனிக்குள் நிற்கும்போது இரண்டு மானிகளும் ஒன்றாகிவிடும். ஆனாலும் ஈரத்துணி உடம்பின் சூட்டை உறிஞ்சுவது நிற்காது. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்றடித்தால் இன்னும் மோசம்: 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், உலர்ந்த தோலுக்கே அது 7 டிகிரி போலப் படும். 10 டிகிரி என்றதும் “அவ்வளவு ஒன்றும் குளிரில்லை” என்று தோன்றும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் அந்த 10 டிகிரியிலேயே குழந்தையின் உடல் சூடு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே போனால் ஆபத்து. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பாதரச மானியின் கோடுகள் தொடங்குவதே 35-இல்தான். அதாவது ஆபத்து தொடங்கும் இடத்தில் அந்தக் கருவி பேச்சை நிறுத்திவிடும். அங்கே நம் கண்தான் கருவி. நடுக்கம், பேச்சுக் குழறல், பொத்தான் போட முடியாமல் தடுமாறுதல், நடையில் பின்னடைவு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒதுங்கி உட்காருதல் ஆகியவற்றைப் பாருங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் நடுக்கம், சூடு கிடைக்காமலேயே நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். நிலைமை முற்றுகிறது என்று பொருள். உடனே காற்றுப் படாத இடம், ஈர உடையைக் களைதல், உலர்ந்த உடையும் போர்வையும், தலையை மூடுதல், நல்ல நினைவோடு இருந்தால் இனிப்பான சூடான பானம், கூடவே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு. கை கால்களைப் பரபரவென்று தேய்ப்பது நம் வழக்கம். இங்கே அது கூடாது.

மானி இதைத் தடுக்க உதவுவது மாலையிலேயே. 6, 7, 8 மணிக்கு மூன்று முறை அளந்தால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரியும். வானம் தெளிவாக இருந்து மணிக்கு ஒன்றரை டிகிரி இறங்கினால், விடியும் நேரத்தில் குளிர் உச்சத்தில் இருக்கும். கூடுதல் போர்வையை அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தேட வேண்டாம், படுக்கும்போதே கொடுத்துவிடலாம். பகலில் போட்ட வியர்வைச் சட்டையோடு யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் நேரம், இடம், வெப்பநிலை, காற்று, வானம் என்ற கட்டங்களோடு, “உடம்புக்கு எப்படி இருந்தது?” என்று ஒரு கட்டமும் போடுங்கள். ஒரே 14 டிகிரிக்கு ஒருநாள் “இதமாக இருந்தது” என்றும் மறுநாள் “பல் கிட்டியது” என்றும் பிள்ளைகள் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் போதும், காற்றும் ஈரமும் பற்றிய பாடம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

வெளியே வேப்பமரத்தடி மேசையில் ஆறு மானிகளும் ஒரு வாளிப் பனிக்கட்டியும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இரண்டு டிகிரி தவறாகக் காட்டும். எது என்று குழுவாகப் பிரிந்து கண்டுபிடியுங்கள். பனிக்கட்டி கரைவதற்குள் போய்விடுவோம், வாருங்கள்.