பரோட்டா மாவுக்குள் முட்டை

முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு அவித்த முட்டையைத் தவிர்ப்பது எளிது. பள்ளியில் சத்துணவு அமைப்பாளரிடம் சொன்னால் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கிடைக்கும். பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முட்டையில்தான். பல கடைகளில் பரோட்டா மாவிலேயே முட்டை ஊற்றிப் பிசைகிறார்கள். பேக்கரி பன்னின் மேல் மினுமினுப்பதும் பல நேரம் முட்டைப் பூச்சுதான். ஆம்லெட் போட்ட கல்லிலேயே அடுத்த தோசையும் வேகும். முட்டை சேர்ந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று பாசத்தோடு ஊட்ட வரும் சொந்தங்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். முட்டை ஒவ்வாமைக்காகத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பானதே. சாப்பிட்டதும் மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான்.