கைபோன் கைமாறும்போது காப்புறுதியும் கூடவே போகுமா?

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றின் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, கால் கூடக் கழுவாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருக்கும். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது கைபோனுக்கு எடுக்கும் காப்புறுதியைப் பற்றி. அதிலும் முக்கியமாக, அந்தப் போனை மகனுக்கோ, தங்கச்சிக்கோ, மருமகனுக்கோ கொடுக்கும்போது அந்தக் காப்புறுதிக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

போன் என்ன பெரிய சொத்தா என்று சிலபேர் நினைக்கலாம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 60,000 ரூபாப் போன் ஒன்றுக்கு 44 பேருக்கும் மேலே போட வேண்டும். மழை நாள், சுகமில்லாத நாள் எல்லாம் கழித்தால் இரண்டு மாத உழைப்பு அது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பிள்ளைகளின் படிப்பே போனுக்குள் போய்விட்டது. சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி மலை ஏறின பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்தோம். அன்றைக்கு நகையை அடகு வைத்துப் போன் வாங்கினவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அப்படி வாங்கினதை உடைந்தால், களவு போனால் ஈடுசெய்யத்தான் கடைக்காரர் சொன்னதும் இன்னும் கொஞ்சம் காசு கட்டிக் காப்புறுதி எடுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் காசைக் கட்டிவிட்டு அந்தக் கடதாசியை யார் வாசித்தது?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். ஒரு அம்மா மாத்தளை டவுனில் போன் வாங்கி, ஒரு வருசக் காப்புறுதியும் எடுத்தார். நாலு மாதத்தில் வெளிநாட்டு வேலைக்கு விசா வந்தது. உயர்தரம் படிக்கிற மகளிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பில்லும் பத்திரமும் எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மகள் ரியூஷன் முடிந்து வரும்போது மழையில் வழுக்கி விழுந்து, போன் கானில் போய்விட்டது. காப்புறுதிக்காரர்களிடம் போனால் கேட்ட முதல் கேள்வி, "பத்திரத்தில் இருக்கிற ஆள் எங்கே?" இரண்டாவது கேள்வி, "நீங்கள் யார்?" அம்மாவின் கையெழுத்து இல்லை, பில் இல்லை, இன்ன ஆள் போனைப் பாவிக்கிறார் என்று முன்கூட்டி அறிவித்ததும் இல்லை. அறிவிக்க வேண்டிய நாட்களும் ஓடிப்போச்சு. ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை. கட்டின காசும் உண்மைக் காசு. ஆனாலும் வெறுங்கையோடுதான் திரும்பி வந்தது.

இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. காப்புறுதி என்பது போனோடு ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி கூடவே போகிற சாமான் கிடையாது. அது ஒரு ஆளுக்கும் ஒரு கம்பனிக்கும் இடையில் உள்ள பேச்சு. "இன்ன பெயருடைய ஆளின், இன்ன இலக்கமுள்ள போனுக்கு நட்டம் வந்தால் நாங்கள் தருவோம்" என்கிற பேச்சு. ஆள் மாறினால் அந்தப் பேச்சைத் திரும்பப் பேச வேண்டும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்கலாம். இது பழைய கதை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில், தனக்குச் சம்பந்தமே இல்லாத கப்பலின் மேல் காப்புறுதி எடுத்துவிட்டு, அது எப்போது முழுகும் என்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள். முழுகினால் காசு. சூதாட்டம் மாதிரிதான். 1745இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. ஒரு பொருள் கெட்டால் உனக்கு நட்டம் வருமா, வந்தால்தான் அதன் மேல் காப்புறுதி என்கிற விதி அப்படி வேரூன்றியது. போனை நீங்கள் மகனுக்குச் சொந்தமாகவே கொடுத்துவிட்டால், அது உடைந்தால் நட்டம் மகனுக்கு. பத்திரத்தில் இருப்பதோ உங்கள் பெயர். கம்பனிக்காரன் அந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொள்கிறான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். பாவிக்கக் கொடுப்பது வேறு, சொந்தமாகக் கொடுப்பது வேறு. உங்கள் போனைப் பத்து வயதுப் பிள்ளை படிப்புக்குப் பாவிக்கிறது என்றால் போன் உங்களுடையதுதான். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றப் பார்ப்பதும் சரிவராது. அப்படியான வீடுகளில் பத்திரம் தாய் அல்லது தகப்பன் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் "எங்கள் வீட்டில் இன்ன பிள்ளையும் இதைப் பாவிக்கிறது, அதற்கும் காப்புறுதி உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சில பத்திரங்களில் ஒரே வீட்டில் இருக்கிற குடும்பத்தாரையும் சேர்த்திருப்பார்கள். சிலதில் வாங்கின ஆள் மட்டும்தான். கொழும்பில் வேலை செய்கிற அண்ணன், கலியாணம் முடித்துப் போன மகள் எல்லாம் உங்களுக்குக் குடும்பம்தான். ஆனால் பத்திரத்தின் கணக்கில் வேறு வீட்டு ஆட்களாக இருக்கலாம்.

சொந்தமாகவே கொடுக்கிறீர்கள் என்றால் பெயரை மாற்றத்தான் வேண்டும். கம்பனியின் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. எல்லாக் கம்பனியும் சம்மதிக்கவும் மாட்டார்கள். ஆப்பிள் கம்பனியை எடுத்துக்கொண்டால், முழுக் காசையும் ஒரே தடவையில் கட்டின பாதுகாப்புத் திட்டத்தைப் போனை வாங்குகிற ஆளுக்கு மாற்றித் தர வழி வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் கட்டுகிற திட்டத்தை அப்படி மாற்ற முடியாது. ஒரே கம்பனிக்குள்ளேயே இத்தனை வித்தியாசம் என்றால், நம்ம டவுனில் கடைக்குக் கடை தருகிற பத்திரங்களை எப்படி ஒரே மாதிரி என்று நம்புவது? ஆகவே போனைக் கையில் கொடுக்கும் முன்னால் கேட்க வேண்டும். கொடுத்த பிறகு, அதிலும் உடைந்த பிறகு, கேட்டுப் பிரயோசனம் இல்லை.

கேட்பதற்குப் பெரிய இங்கிலீசு தேவையில்லை. ஒரு கடதாசியில் இப்படி எழுதுங்கள்: "இன்ன இலக்கப் பத்திரத்தில், இன்ன ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமுள்ள போனுக்கு என் பெயரில் காப்புறுதி உள்ளது. இன்ன திகதியிலிருந்து இந்தப் போனை என் தம்பி இன்னாருக்கு, அடையாள அட்டை இலக்கம் இன்னது, கொடுக்கிறேன். காப்புறுதியை அவருடைய பெயருக்கு மாற்றித் தரவும். மாற்ற முடியாது என்றால் அதையும் எழுத்தில் அறிவிக்கவும்." கீழே இருவரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பிரதியில் அவர்களுடைய சீலும் திகதியும் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம். டெலிபோனில் "சரி, சரி, பிரச்சினை இல்லை" என்று ஒரு பெடியன் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். நாளைக்கு அந்தப் பெடியன் வேறு வேலைக்குப் போயிருப்பான். மாற்ற முடியாது என்றே பதில் வந்தால் காப்புறுதி முடியும்வரை போனை உங்கள் பெயரிலேயே வைத்திருந்து, முடிந்த பிறகு கொடுப்பதா, இல்லை காப்புறுதி இல்லாமலே இப்போது கொடுப்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்.

இப்போது அந்த ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம். அது போனின் அடையாள அட்டை. பதினைந்து இலக்கம் இருக்கும். டயல் பண்ணுகிற இடத்தில் *#06# என்று அடித்தால் திரையில் வரும். இரண்டு சிம் போடுகிற போனுக்கு இரண்டு இலக்கம் வரும், இரண்டையும் எழுதி வையுங்கள். போன் வந்த பெட்டியிலும் ஒட்டியிருக்கும். ஆகவே பெட்டியை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். (சிரிக்கிறீர்கள். எத்தனை வீட்டில் அப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும்.) அதே இலக்கத்தை வைத்து, போன் இலங்கையில் முறையாகப் பதிவானதா என்றும் பார்க்கலாம். ஐ, எம், ஈ, ஐ என்கிற நாலு ஆங்கில எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, பதினைந்து இலக்கத்தையும் அடித்து 1909க்கு ஒரு செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதில் வரும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அங்கே எடுத்த காப்புறுதியும் உத்தரவாதமும் இங்கே செல்லும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பல பத்திரங்கள் வாங்கின நாட்டுக்கு மட்டும்தான்.

இலக்கத்தில் இன்னொரு சிக்கல். போனைத் திருத்தக் கொடுக்கும்போது உள்ளே இருக்கிற போர்டையே மாற்றிவிட்டால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் மாறிவிடலாம். பிறகு பத்திரத்தில் ஒரு இலக்கம், போனில் வேறு இலக்கம். திருத்தின இடத்தில் அதற்கு ஒரு கடிதம் வாங்கிக் காப்புறுதிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கண்ட இடத்தில் திறந்து திருத்தினால் சில பத்திரங்கள் செல்லாமலே போய்விடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தவணைக்கு எடுத்த போனைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசித் தவணை கட்டும்வரை அது முழுசாக உங்களுடையது ஆகாமல் இருக்கலாம். அதைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தால் காப்புறுதியோடு தவணை ஒப்பந்தமும் சேர்ந்து சிக்கலாகும். கட்டி முடித்த பிறகு கொடுங்கள்.

போனோடு என்னென்ன போக வேண்டும்? பில், பத்திரம், பெட்டி, கம்பனியின் சம்மதக் கடிதம். கொடுக்கிறவர் தன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுக்கணும், இல்லையென்றால் வாங்கினவருக்குப் பிறகு போன் திறக்காமல் போகலாம். சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவானது என்றால் சிம்மைக் கொடுக்காதீர்கள். அவருக்கு அவருடைய பெயரிலேயே புது சிம் எடுத்துக் கொடுங்கள். அந்தச் சிம்மில் நாளைக்கு ஏதும் தப்பு நடந்தால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் லயத்துக்குத்தான். உங்கள் அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று #132# அடித்துப் பார்க்கலாம்.

நட்டம் வந்துவிட்டால் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும். எத்தனை நாளைக்குள் என்பது பத்திரத்தில் இருக்கும். களவு என்றால் உடனே பொலிசில் முறைப்பாடு போட்டு, ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தொலைத்துவிட்டதைக் களவு என்று மாற்றிச் சொல்வது, தம்பி உடைத்ததை நான் உடைத்தேன் என்பது, இதெல்லாம் வேண்டாம். காப்புறுதியில் ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான மிச்சமும் போய்விடும்.

நான் இவ்வளவு நேரம் கடதாசி, கடதாசி என்று சொல்வது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். கடதாசி இல்லாமல் நம்ம சனம் பட்டது கொஞ்சமா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், தகப்பன் பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் காட்டக் கடதாசி இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தபோது இருநூறு வருசத்தை நினைத்துக்கொண்டோம். இன்னும் பலருக்கு லயக் காம்பரா சொந்தப் பெயரில் இல்லை. கையில் இருக்கிற போனாவது யார் பெயரில் என்று ஒழுங்காக இருக்கட்டுமே. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவிலும் வெள்ளத்திலும் அலுமாரியோடு பத்திரங்கள் போன வீடுகள் உண்டு. ஆகவே பில்லையும் பத்திரத்தையும் படம் எடுத்து வேறொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். உடைகிற போனுக்குள்ளேயே அதன் பத்திரத்தின் படத்தை வைத்திருந்தால் என்ன பிரயோசனம்?

இனி நியாயம் கிடைக்கவில்லை என்றால் எங்கே போவது? முதலில் பத்திரத்தின் மேலே யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காப்புறுதிக் கம்பனியின் பெயர் இருந்தால், முறைப்பாட்டை முதலில் அந்தக் கம்பனிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிகளைக் கண்காணிக்கிற இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கம்பனிப் பெயரே இல்லாமல் கடைக்காரரே "டெமேஜ் கவர்" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அது காப்புறுதி ஆகாது, கடையின் வாக்குறுதி மட்டும்தான். அதற்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. என்னைக் கேட்டால், அப்படியான துண்டுக்குக் காசு கட்டும் முன் இரண்டு தரம் யோசிக்கச் சொல்வேன்.

பத்திரம் இங்கிலீசில் இருந்தால் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெளிநாடு போக இருக்கிறவர்கள், போனை யாரிடம் விட்டுப் போகிறீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு, பில்லையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சம்பளத்துக்கு மறுநாள் பின்னேரம் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். படிக்கிற பிள்ளை இருந்தால் அதையும் கூட்டி வாருங்கள், வாசித்துக் காட்டட்டும்.