விமானியின் ஊதியம்

விமானி என்றதும் பொற்பட்டையும் செல்வமுமே நம் கண்முன் நிற்கின்றன. அமெரிக்காவில் சிறு நகரங்களுக்கு விமானம் செலுத்தும் துணை நிறுவனங்களில், 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில், புதியவர் பலர் பெற்றது ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலரே. விமானம் நகர்ந்த பின்னரே மணிக்கூலி தொடங்கும். நிலையத்திற் காத்துக் கிடந்த பொழுது கணக்கில் சேராது. வேறு நிறுவனம் புகுந்தாலோ, எத்துணை அனுபவம் இருப்பினும் மூப்பு வரிசையின் கடைசியில் நிற்றல் வேண்டும். பயிற்சிக்குப் பட்ட கடன் மட்டும் காத்திராது!

2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகரருகே அத்தகைய விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். துணை விமானியோ முன்னிரவு முழுதும் மேற்குக் கரையிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்தவர். தலைமை விமானியின் தவறான கையாளுகையே காரணமென விசாரணை கண்டது. எனினும் சோர்வும் சொற்ப ஊதியமும் அப்போதுதான் நாட்டார் செவிக்கு எட்டின. 2013-இல் துணை விமானிக்கும் 1,500 மணிப் பறப்பு விதியாயிற்று. ஊதியம் பெரிதும் உயர்ந்ததோ, விமானிகளுக்குப் பஞ்சம் நேர்ந்த 2022-இல்.