ஆளில்லாத ஏரிகள்



கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் வீடியோ கேம்களைப் பற்றி, பேரன் எடுத்த வயதிலுள்ள ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் ஒருவன் வானொலியில் அபிப்பிராயம் சொல்ல வந்திருக்கிறான் என்றால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அவன் பழவேற்காட்டு ஏரிக்கரையில், இறாலும் நண்டும் மடவையும் பிடித்து ஜீவனம் செய்யும் குப்பமொன்றில் பிறந்தவன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வாசலிலே ஏரியை வைத்துக்கொண்டு கண்ணாடித் திரையில் மீன் பிடிப்பானேன் என்ற கேள்வியும் எழலாம். கேள்வி நியாயமானதுதான். எங்கெங்கோ தூரதேசங்களில் இருந்துகொண்டு, வலையைத் தொட்டிருப்பார்களா என்பதே சந்தேகமான வாலிபர்கள், மீன் பிடிக்கிறவனுடைய தொழிலை எப்படிக் கற்பனை செய்கிறார்கள், அதில் எதை இன்பமென்று எடுத்துக்கொள்கிறார்கள், எதை வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையே என்னை இதில் இழுத்துவிட்டது. பொன்னேரியில் கல்லூரிப் படிப்பை முடித்த என் தம்பி மகன் ஆட்டங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்து, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பொறுமையாகப் பழக்கியும் விட்டான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவற்றை 2025-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே தடை செய்துவிட்டது. அது நல்ல காரியம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் ஆடியது ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பரோன் என்ற அமெரிக்க வாலிபர் சித்திரம், சங்கீதம், கதை எல்லாவற்றையும் தாம் ஒருவராகவே பல வருஷம் பாடுபட்டு உண்டாக்கி 2016-இல் வெளியிட்ட ஆட்டம் இது. பட்டணத்து உத்தியோகத்தில் மனம் கசந்த ஒருவன் பாட்டனார் விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பி வருகிறான்; வந்தவனுக்குக் கடற்கரைக் கிழவர் ஒருவர் தூண்டிற்கோல் ஒன்றை இனாமாகக் கொடுக்கிறார். மீன் கடித்ததும் திரையில் ஒரு பச்சைப் பட்டை தோன்றும்; துள்ளும் மீனை அந்தப் பட்டைக்குள் நிறுத்தி வைப்பதே சாமர்த்தியம். இன்ன மீன் மழையில்தான் வரும், இன்ன மீன் இரவில்தான் வரும், இன்ன மீன் இன்ன பருவத்துக்கே உரியது என்று அதில் வகுத்திருப்பதைக் கண்டபோது, இந்த மனிதர் நீரைக் கவனித்திருக்கிறார் என்று எனக்கு மரியாதை உண்டாயிற்று. ஆனால் பிடித்த மீனை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிந்ததும் பணம் வந்துவிடுகிறது. இன்று வரத்து அதிகம், விலை விழுந்துவிட்டது என்று சொல்லும் வியாபாரி அந்த ஊரில் இல்லை. சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடவும் வழியுண்டு என்றார்கள். அப்போதும் ஒருவர் பிடித்ததால் இன்னொருவருக்கு மீன் குறைவதில்லை. களைத்துப்போன பட்டணவாசிக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். எனக்கு அதிகமாகத் தித்தித்தது.

டிரெட்ஜ் அப்படியல்ல. நியூஸிலாந்திலுள்ள ஒரு சிறிய குழுவினர் 2023-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், படகு உடைந்து கரை ஒதுங்கிய மீனவன் ஒருவனுக்குத் தீவின் மேயர் வேறொரு படகைக் கடனாகக் கொடுக்கிறார். கடன் தீரும் வரையில் மீன் விற்ற பணத்தை அவன் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். ஆட்டத்தின் முதல் படியிலேயே கடனைக் கண்டதும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகும் வலையும் சேர்த்துவிட்டு, பிடித்ததையெல்லாம் அவர் சொன்ன விலைக்கே அவரிடம் போடவேண்டிய கட்டுப்பாட்டில் ஆயுளைக் கழித்த எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் என் நினைவுக்கு வந்தார்கள். மேயரின் கடன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

இந்த ஆட்டத்தில் என்னை வியக்க வைத்தது படகின் வயிறு. அது சிறுசிறு கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி வடிவம். நீண்ட மீனைத் திருப்பி ஓரத்தில் செருகி, வளைந்ததை மூலையில் மடக்கி, யந்திரத்துக்கும் விளக்குக்கும் போக மீந்திருக்கும் இடத்துக்குள் அடக்க வேண்டும். இடம் போதாவிட்டால், அருமையாகப் பிடித்த ஒன்றை மறுபடி நீரில் விட்டுவிட நேரும். பிடித்த மீன் நேரமாக ஆகக் கெட்டுப்போவதும், பொழுது சாய்ந்த பிறகு நீரில் நின்றால் மீனவனுக்குப் பீதி ஏறி, பகலில் இல்லாத பாறைகளெல்லாம் முன்னே தோன்றுவதும் உண்மைக்கு மிகச் சமீபமானவை. இருட்டில் தனியே படகோட்டி வந்தவர்கள் யாரும் அந்தப் பாறைகளைக் கட்டுக்கதை என்று தள்ளமாட்டார்கள். ஒரு திட்டில் தொடர்ந்து பிடித்தால் மீன் தீர்ந்துபோய்ச் சில நாளைக்குப் பின்பே ஊறி வருகிறது, அதுவும் சரி. சரியல்லாதது காலம். படகு நகர்ந்தாலோ மீன் பிடித்தாலோதான் அதில் பொழுது நகர்கிறது. சும்மா நின்றால் சூரியனும் சும்மா நிற்கிறான். ஏரியில் நீர் ஏறுவதும் வற்றுவதும் எவன் யோசனை செய்து முடிக்கட்டும் என்று காத்திருக்கின்றன? ஆனாலும் நான் ஆடியவற்றுள் மீன்பிடித் தொழிலுக்கு மிக நெருங்கிய ஆட்டம் இதுவே என்று தயங்காமல் சொல்லுவேன்.

டேவ் தி டைவர் என்ற கொரிய ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. பகலில் கடலில் முங்கி ஈட்டியால் மீன் குத்துவதும், அந்த மீனை இரவில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுவதுமாக அது போகிறது. மூச்சுக்காற்று தீர்ந்துபோனால் பிடித்தவற்றில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. மீன் வாழ்க்கையின் இரண்டாவது பாதி கரையில்தான் நடக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட ஆட்டம் என்ற வகையில் என் தம்பி மனைவிக்கு அது பிடித்திருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள் எங்கள் பெண்கள்தாமே. சமையலென்றதும், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா என்ற சின்ன ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தாயார் கொடுத்த குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதே அதில் எனக்கிருக்கும் குறை.

இனி என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மீன்பிடி ஆட்டங்களில் மீன் இருக்கிறது, காற்று இருக்கிறது, மழை இருக்கிறது, பயமும் லாபமும் இருக்கின்றன. பக்கத்துப் படகு ஒன்றுமட்டும் இல்லை. கரையில் பேசுவதற்கு மனிதர்கள் உண்டு; நான் மீன் பிடிக்கும் அதே திட்டுக்கு எனக்கு முன்னால் வந்து நிற்கிறவன் கிடையாது. நீர் முழுவதும் ஒருவனுக்கே சொந்தம். எங்கள் ஏரியில் வளர்ந்தவனுக்கு இதைவிட விசித்திரமான கற்பனை இருக்க முடியாது.

ஏனென்றால், சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று பெயரெடுத்த இந்தப் பழவேற்காட்டில், நல்ல இடங்கள் கொஞ்சமே. கடலுக்கும் ஏரிக்கும் இடையே இறால் போய்வரும் வழி முகத்துவாரம். அதை ஒட்டிய இடங்களில் கம்பு நட்டுச் சுத்து வலை கட்டுகிறவனுக்குக் கிடைப்பது உள்ளே தூரத்தில் கட்டுகிறவனுக்குக் கிடைக்காது. முந்தினவனுக்கே இடம் என்று விட்டுவிட்டால், பலசாலியும் பெரிய படகுக்காரனும் நிரந்தரமாக அங்கேயே உட்கார்ந்துகொள்ளுவார்கள். ஆகையால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும், உரிமையுள்ள தலைக்கட்டுகளைக் கணக்கெடுத்து, சீட்டுப் போட்டு வரிசை வகுத்து, இன்று இந்த இடம் இன்னாருக்கு, நாளை அடுத்தவருக்கு என்று முறைவைத்து அனுபவிக்கும் பாடு என்ற ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றன. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும், கேரளத்தில் கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இதைப்போன்ற ஏற்பாடுகள் உண்டு. அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, அதைச் சுற்றிவரச் செய்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு விதி வகுக்கிற கலை என்று ஒன்று இருக்குமானால், இதை வகுத்தவர்கள் அதில் தேர்ந்தவர்கள் என்பதே என் எண்ணம்.

நீரில் ஆளில்லாத இந்தக் குறை மீன்பிடி ஆட்டங்களோடு நிற்கவில்லை. மெக்ஸிகோக்காரர்கள் செய்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ஆட்டத்தை, எங்களூர்க் கரையில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்புவது தெரியும் என்ற காரணத்தினாலேயே ஆசையோடு ஆடிப் பார்த்தேன். ராக்கெட்டை நாமே பாகம் பாகமாகக் கட்டி, கடலோரத்து மேடையிலிருந்து கிழக்கு நோக்கிச் செலுத்த வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் எடை கூடும், எடை கூடினால் இன்னும் எரிபொருள் வேண்டும் என்ற சங்கடத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிய வைத்ததில்லை. நம்முடைய முதல் எஸ்.எல்.வி. ராக்கெட்டே 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி கிளம்பிய சில நிமிஷங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது, மறுவருஷம் ஜூலையில் கிளம்பிய அடுத்த ராக்கெட்தான் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது என்பதை எண்ணி, என் தோல்விகளுக்கு நான் ஆறுதல் தேடிக்கொண்டேன். ஆனால் அந்த ஆட்டத்தின் கடலிலும் மனிதர் இல்லை. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று எங்கள் குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைய பிழைப்பு அன்றைக்கு இல்லை. கெர்பல் கடலிலோ, கழன்ற பாகங்கள் யாருக்கும் சொல்லாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன.

இந்தக் கட்டத்தில் நான் சொல்லப்போவது சில பெற்றோருக்கு ரசிக்காது. எங்கள் வாலிபர்கள், தங்கள் வீட்டுக்கு முறை இல்லாத நாட்களில், கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஆடுவது பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி ஆட்டத்தை. பப்ஜி என்ற பெயரில் இருந்தபோது 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்ததும், 2021 ஜூலையில் புதுப் பெயரோடு அது வந்ததும், 2022-இல் மறைந்து 2023-இல் மீண்டும் தலைகாட்டியதும் நேயர்கள் அறிந்ததே. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு நிலப்பரப்பில் குதிக்கிறார்கள். பத்திரமான வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் மிஞ்சுகிற கூட்டத்துக்கு ஜயம். சுடுவதும் சாவதும் எனக்கு அருவருப்பாகவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. ராத்திரி முழுவதும் கண் விழித்து ஆடிவிட்டு விடியற்காலையில் வலை இழுக்க வருகிறவனால் படகுக்கே உபத்திரவம் என்று பெரியவர்கள் கோபிப்பதும் நியாயமே. ஆனால் அந்த நால்வர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது, மேலே சொன்ன சாந்தமான ஆட்டங்களில் நான் கேட்டிராத பேச்சைக் கேட்டேன். "எங்கிட்ட தோட்டா ரெண்டு பங்கு இருக்குடா, நீ ஒண்ணு எடுத்துக்க" என்கிறான் ஒருவன். விழுந்து கிடப்பவனைத் தூக்க, தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவன் ஓடுகிறான். "நீ போவாத, இப்ப அவன் முறை" என்று மூன்றாமவன் அதட்டுகிறான். படகிலே பழகிய வாய் அது. சண்டையை ரசிக்கிற ஆட்டத்தில் பங்கிடும் பழக்கமும், அமைதியை ரசிக்கிற ஆட்டங்களில் முழுத் தனிமையும் போய்ச் சேர்ந்திருப்பது விந்தைதான். இரண்டில் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடு என்றால் எதைக் கொடுப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழவேற்காட்டு ஏரியை வைத்து ஓர் ஆட்டம் செய்தால் என்ன என்று நானும் தம்பி மகனும் சில மாலைகளில் பேசினோம். ஆட்டம் சீட்டுக் குலுக்கலில் தொடங்கும். முறை வந்தவன் வலை கட்டுவான். மற்றவர்கள் வலையைச் சரிபார்க்கலாம், உள்ளேரியில் நண்டுக்குப் போகலாம், முகத்துவாரம் திறந்திருந்தால் கடலுக்குத் துணியலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் உப்பு ஏறும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் எல்லாருடைய இடமும் ஒரேயடியாகக் கெடும்.

"பெரியப்பா, மூணு நாளைக்கு ஒரு நாள் ஆடுறதுக்கு எவன் டவுன்லோடு பண்ணுவான்?" என்று அவன் கேட்டான்.

தாயம் ஆடுகிறவர்கள் தங்கள் கை வரும்வரையில் அடுத்தவன் உருட்டுவதைத்தான் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் பாதிச் சுவாரஸ்யம் அதில் இருக்கிறது என்றேன். அதை அவன் ஒருவாறு ஏற்றுக்கொண்டான். பிறகு அவன் கேட்டதுதான் சிக்கல். தலைக்கட்டில் பேர் இல்லாதவர்களை ஆட்டத்தில் எங்கே வைப்பது? இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாடு ஏற்பாட்டில் முறை கிடையாது. வேறு சாதியாரும் மதத்தாரும் மீன்பிடிக்க வந்துவிட்ட இந்தக் காலத்தில் அவர்களுக்கும் கிடையாது. பெண்கள் பெயரும் அந்த வரிசையில் இல்லை. அவர்களை விட்டுவிட்டால், அயல்நாட்டான் நீரைக் காலியாக்கினான் என்று நான் குறை சொன்னதற்கு அர்த்தம் இராது. சேர்த்துக்கொண்டால், இருக்கிற இடங்களுக்கு முறை வரும் நாள் இன்னும் தள்ளிப்போகும், மூன்று ஊர்ப் பெரியவர்களும் அதை எங்களூர் ஏரி என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நாங்கள் வகுத்த விதிகள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தோடு நிற்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் எவருக்கேனும், குறிப்பாக ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு, இதற்கு வழி தோன்றினால் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தம்பி மகனிடம் சேர்ப்பித்துவிடுகிறேன்.