கணக்கிலே வந்த குறையும் தலைமையிலே வந்த குறையும்

(யாழ்ப்பாணத்திலே கூட்டுறவுச் சங்க ஊழியர்களும் தொழிற்சங்கத்தாரும் கூடிய கூட்டமொன்றில், நமது இயக்கத்தைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



"நவீன நிறுவனங்களில் அறநெறித் தலைமை" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். தலைவன் நேர்மையாளனாக இருத்தல் வேண்டும், தன்னலம் அற்றவனாக இருத்தல் வேண்டும், அடக்கமுடையவனாக இருத்தல் வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போக என்னால் முடியும். உங்களுள் ஒருவரும் அதனை மறுக்கமாட்டீர்கள். மறுக்க முடியாத பேச்சைக் கேட்பதற்காக இத்தனை பேர் வேலையை விட்டு இங்கு வரவேண்டியதில்லை. நான் வழக்கு மன்றத்திலே பழகியவன். ஆகவே ஒரு வழக்கையே உங்கள் முன் வைக்கின்றேன். பிரித்தானியத் தபாற் கந்தோரின் வழக்கு அது. நீதி பரிபாலனத்திலே நமக்கு ஆசானாக இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டிலே, நம் கண்முன்னே நடந்து முடிந்த அநீதி.

அந்நாட்டின் சிற்றூர்களிலுள்ள தபாற் கந்தோர்களைப் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தர் நடத்துவதில்லை. கடை வைத்திருக்கும் குடும்பத்தார் தமது சேமிப்பைப் போட்டு, அரசுக்குச் சொந்தமான தபாற் கந்தோர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, கடையின் ஒரு பக்கத்திலே உப தபாலதிபராக இருந்து தொழில் செய்வர். ஓய்வூதியம் பெறும் கிழவர்களும் முத்திரை வாங்கும் பிள்ளைகளும் நாள்தோறும் வந்துபோகும் இடம். ஊரிலே மதிப்புள்ள தொழில். ஆசியாவிலிருந்து குடியேறிய பலர், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கெளரவமான வாழ்வு கிடைக்கும் என்று நம்பி அத்தொழிலிலே இறங்கினர்.

1999ஆம் ஆண்டிலே இக்கந்தோர்களுக்கெல்லாம் ஹொரைசன் என்னும் கணனிக் கணக்கு முறை கொண்டுவரப்பட்டது. யப்பானிய புஜிட்சு நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த ஒரு பிரித்தானியக் கம்பனி அதனைச் செய்து கொடுத்தது. அம்முறை வந்த நாள்முதல் இங்குமங்குமாகக் கணக்கிலே குறை காணத் தொடங்கிற்று. கையிலே பணம் சரியாக இருக்கும். கணனியோ குறைகின்றது என்னும். ஒரு பெண்மணி உதவிக்குத் தொலைபேசியில் அழைத்து, அங்கிருந்தவர் சொன்னபடியே செய்தபோது, 2,000 பவுணாக இருந்த குறை அவர் கண்ணெதிரே 4,000 பவுணாயிற்று. இவ்வாறு அழைத்த பலருக்கும் கிடைத்த மறுமொழி ஒன்றே: "உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி நடக்கின்றது." அந்த ஒரு வாக்கியத்தின் கொடுமையை நீங்கள் சிந்திக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பொய்யை ஒரே காலத்திலே கேட்டுக்கொண்டிருந்தனர்.

குறையை அவர்களே கட்ட வேண்டியதாயிற்று. கவனக்குறைவாலோ தவறாலோ நேரும் நட்டத்துக்கு உப தபாலதிபர் பொறுப்பு என்பது ஒப்பந்தம். கணனி காட்டும் குறை எதுவாயினும் அவரே பொறுப்பு என்பது நிறுவனம் அதற்குச் செய்துகொண்ட வியாக்கியானம். வீட்டை ஈடு வைத்தார்கள். உறவினரிடம் கடன்பட்டார்கள். அதற்கும் வழியற்றோர், அடுத்த நாள் கந்தோரைத் திறப்பதற்காக, கணக்குச் சரி என்று கையொப்பமிட்டார்கள். அந்தக் கையொப்பமே பொய்க்கணக்கு என்னும் குற்றமாயிற்று.

இனிச் சட்டத்தின் பக்கத்துக்கு வருகின்றேன். இங்கிலாந்திலே தனியாரும் குற்றவழக்குத் தொடரலாம். தபாற் கந்தோர் அவ்வுரிமையைத் தாராளமாகப் பயன்படுத்திற்று. நட்டம் அடைந்ததாகச் சொன்னதும் அந்நிறுவனம். புலனாய்வு செய்ததும் அதன் உத்தியோகத்தர். வழக்குத் தொடுநரும் அதன் சட்டத்தரணிகள். குற்றவாளி எனத் தீர்ப்பானால் பணத்தை அறவிடுவதும் அந்நிறுவனம். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டக் கல்லூரியிலே முதலாண்டு மாணவன் படிக்கும் பாடம். அங்கே தீர்ப்புக் கூறும் ஆசனம் ஒன்றைத் தவிர மற்றைய ஆசனங்கள் அனைத்திலும் வழக்காளியே அமர்ந்திருந்தார். அந்த ஒரு ஆசனத்தில் இருந்தவர்களும் கணனி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள்.

மேலே சொன்ன பெண்மணி களவெடுத்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்று நிறுவனத்தின் சொந்தப் புலனாய்வாளரே எழுதி வைத்திருந்தார். இருந்தும் களவுக் குற்றச்சாட்டைச் சுமத்தி, பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் களவை விட்டுவிடுவோம் என்று பேரம் பேசினர். இந்தியாவிலிருந்து சென்ற மற்றொரு பெண், வயிற்றிலே பிள்ளையோடு, 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். 1999க்கும் 2015க்கும் இடையில் தபாற் கந்தோர் தானே தொடுத்த வழக்குகளில் ஏறத்தாழ 700 பேர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். பிற அதிகாரிகள் தொடுத்தவற்றையும் சேர்த்தால் 900க்கு மேல். சந்தேக நபர்களை இனவாரியாக வகுப்பதற்கு அப்புலனாய்வாளர்கள் வைத்திருந்த இழிவான சொற்கள் கொண்ட பத்திரமொன்று 2023இல் வெளிவந்தது. அதனைப்பற்றி இந்தச் சபைக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்நிறுவனத்தின் தலைமையிலே இருந்தவர்கள் யார்? கொள்ளைக்காரர்களா? அப்படி இருந்திருந்தால் இந்த வழக்கினால் நாம் கற்பதற்கு அதிகம் இராது. 2012 முதல் 2019 வரை தலைமை நிருவாகியாக இருந்த போலா வெனெல்ஸ் அம்மையார் ஆங்கிலிக்கன் திருச்சபையிலே குருப்பட்டம் பெற்றவர். இலண்டன் பேராயர் பதவிக்கே 2017இல் அவர் பெயர் பரிசீலிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திலே அறம் போதித்தவரின் நிருவாகம், திங்கட்கிழமைகளில் ஏழைக் கடைக்காரரை நீதிமன்றப்படி ஏறி இறங்க வைத்தது. அவருடைய பக்தி போலியானது என்று நான் சொல்லவில்லை. அதை அளக்க எனக்கு அதிகாரமுமில்லை. தனிமனித ஒழுக்கம் எவ்வளவு இருந்தாலும், தன் நிறுவனத்துக்கு எதிரான முறைப்பாட்டைக் கேட்கும் காது இல்லாவிடில், அந்த ஒழுக்கத்தினால் கீழே இருப்பவனுக்கு ஒரு பயனும் கிட்டாது என்பதையே சொல்கின்றேன்.

காதிலே விழவில்லை என்று சொல்லவும் இடமில்லை. 2012இல் நிறுவனமே சுயாதீனமான கணக்காய்வாளரை நியமித்தது. முறையிலே குறைபாடுகள் இருந்தன என்று அவர்கள் 2013 யூலையில் இடைக்கால அறிக்கை கொடுத்தனர். அதே மாதத்திலே, நிறுவனத்துக்கு ஆலோசனை வழங்கிய ஒரு பாரிஸ்டர், நீதிமன்றங்களிலே நிறுவனத்துக்காகச் சாட்சியம் அளித்த புஜிட்சு நிபுணர் தாம் அறிந்த பிழைகளை மறைத்தார், அவருடைய சாட்சியம் இனி நம்பத் தகாதது என்று எழுத்திலே கொடுத்தார். நண்பர்களே, ஒரு தலைமை தன்னைத் திருத்திக்கொள்ள இதனினும் நல்ல தருணம் வேறு வருமா? குற்றவாளிகளாக்கப்பட்டோர் எல்லோருக்கும் அந்த ஆலோசனையை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். அது அவர்கள் கைக்கு வந்தது 2020இல். இடையிலே ஏழாண்டுகள் கழிந்தன. 2015இல் அக்கணக்காய்வாளர்களின் பணியும் முடிவுறுத்தப்பட்டது.

மறுபக்கத்திலே பதவியில்லாத ஒரு தலைவர் தோன்றினார். அலன் பேற்ஸ் என்பவர். வேல்ஸ் நாட்டு லண்டட்னோவிலே கந்தோர் நடத்தியவர். கணனியின் குறையைத் தன் குறையாக ஏற்க மறுத்து, கடிதத்துக்குமேல் கடிதம் எழுதியதனால், 2003இல் அவரது ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டது. 2009இல் ஃபெனி கொம்ப்டன் என்னும் சிற்றூரின் மண்டபத்திலே, தம்மைப் போல் வேறு யாரும் இருக்கின்றார்களா என்று பார்ப்பதற்காக ஒரு கூட்டம் கூட்டினார். "உங்கள் ஒருவருக்குத்தான்" என்ற பொய் அந்த மண்டபத்திலேதான் முதன்முதலாகச் செத்தது. பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள்.

அவ்வழக்கிலே தலைமை நடந்துகொண்ட முறையைச் சட்டத்தரணி என்ற வகையிலே என்னால் மறக்க முடியாது. 2019 மார்ச்சில் நீதியரசர் ஃபிரேசர் முதலாவது தீர்ப்பை நிறுவனத்துக்கு எதிராக அளித்தார். உடனே, அந்நீதியரசர் பக்கச்சார்புடையவர், அவர் விலக வேண்டும் என்று, வழக்கின் நடுவிலே மனுச் செய்தார்கள். மனுவும் தள்ளப்பட்டது, மேன்முறையீட்டுக்கு அனுமதியும் மறுக்கப்பட்டது. அரசுப் பணத்திலே, நாட்டின் மிகச் சிறந்த சட்ட மூளைகளை அமர்த்தி, வறியவர்களின் பணம் தீரும் வரை வழக்கை இழுப்பது என்பது ஒரு தந்திரம். நம் நாட்டிலும் அதனைக் கண்டிருக்கின்றோம். அவ்வாண்டு டிசெம்பரில் 57.75 மில்லியன் பவுணுக்கு இணக்கம் ஏற்பட்டது. வழக்குச் செலவும், வழக்குக்குப் பணம் முதலிட்டோரின் பங்கும் போக, 555 பேருக்கும் எஞ்சியது ஏறத்தாழ 12 மில்லியன். சில நாட்களின் பின் வந்த இரண்டாவது தீர்ப்பு, கணனி முறையிலே பிழைகள் இருந்தன என்று ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்தது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கிற்று.

ஏனையோருக்கு நீதி கிடைத்தது எப்படி? 2024 சனவரியில் தொலைக்காட்சியிலே நான்கு இரவுகள் ஒரு நாடகம் காட்டினார்கள். நாடு கொதித்தெழுந்தது. மே மாதத்திலே பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ஒரேயடியாக நீக்கிற்று. நீதிமன்றத் தீர்ப்பைப் பாராளுமன்றம் நீக்குவது எனக்கு உவப்பான காரியமன்று. ஆயினும் தனித்தனியே மேன்முறையீடு செய்வதென்றால் பலர் மயானத்துக்குப் போன பின்னரே விடுதலை பெற்றிருப்பார்கள். 2025 யூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையின் முதற்பாகம், பதின்மூன்று பேர் இதன் காரணமாகத் தம்முயிரைத் தாமே மாய்த்திருக்கக்கூடும் என்று கூறுகின்றது. வெனெல்ஸ் அம்மையார் தமது அரச விருதை இழந்தார். அவரிடம் அவ்விருது இருந்த காலத்தில் தமக்கு அளிக்க முன்வந்த விருதைப் பேற்ஸ் ஏற்க மறுத்திருந்தார். 2024இல் அவர் சேர் பட்டம் பெற்றார். 2025 நடுப்பகுதி வரையில் அத்தலைமையைச் சேர்ந்த எவர்மீதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் இருப்போர் எண்ணக்கூடும். நமது சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்திலே, கணனி சரியாக இயங்கியது என்பதை வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீக்கிற்று. ஹொரைசன் வந்த அதே ஆண்டு! இலங்கையிலே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சட்டம் அத்தகைய ஒரு பாதுகாப்பைத் தந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமோ, இலத்திரனியல் பதிவிலே உள்ள தகவல் உண்மையென்று, மாறாக நிரூபிக்கப்படும்வரை நீதிமன்றம் அனுமானித்தல் வேண்டும் என்கின்றது. மாறாக நிரூபிப்பவர் யார்? கிளை முகாமையாளர். அதற்கு வேண்டிய பதிவுகள் யார் கையில்? தலைமைக் கந்தோரின் கையில், அல்லது மென்பொருளை விற்ற கம்பனியின் கையில். சட்டம் திருத்தப்படும் வரையில், அந்த முகாமையாளரைக் காக்கக் கூடியது உங்கள் இயக்குநர் சபையின் மனச்சாட்சி ஒன்றே.

நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகளிலே இப்பொழுது சிட்டையும் பேரேடும் போய்க் கணனி வந்துகொண்டிருக்கின்றது. வரட்டும், நான் அதற்கு விரோதியல்லன். ஆனால் கணக்கிலே குறை வந்தால் சம்பளத்திலே கழிப்பது என்ற பழைய வழக்கம் மாத்திரம் அப்படியே இருக்கின்றது. பேரேட்டிலே பிழையிருந்தால் முகாமையாளர் புரட்டிக் காட்டலாம். கணனியிலே எதனைப் புரட்டுவார்?

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அரசியல் இயக்கத்தவன் என்ற முறையிலே சொல்கின்றேன். இயக்கங்களும் கட்சிகளும் நிறுவனங்களே. சென்ற தலைமுறையிலே நம்மிடையே "துரோகி" என்றொரு சொல் வழங்கிற்று. முறைப்பாடும் அதுவே, விசாரணையும் அதுவே, தீர்ப்பும் அதுவே. குற்றஞ் சாட்டப்பட்டவன் பக்கத்து நியாயத்தைக் கேட்பது பலவீனம் என்று எண்ணப்பட்டது. எத்தனை வீடுகள் அதனால் இருண்டன என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர். தபாற் கந்தோர் அதிகாரிகளைக் குறைகூறும்போது அதனையும் நாம் மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மையாகாது.

அடுத்த மாதம் உங்கள் சங்கங்களின் ஒழுங்கு விதிகளைத் திருத்தப் போகின்றீர்கள் என்று தலைவர் கூறினார். மூன்று ஏற்பாடுகளை அதிலே சேர்க்கும்படி கேட்கின்றேன். கணக்குக் குறைவுபற்றி எந்தக் கிளையிலிருந்து முறைப்பாடு வந்தாலும், அது எல்லாக் கிளைகளுக்கும் தெரியும்படி ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். குறையை விசாரிப்பவர், பணத்தை அறவிடும் பகுதியைச் சேர்ந்தவராக இருத்தலாகாது. கணனிக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்யும்போது, தகராறு வந்தால் மூலப்பதிவுகளை ஊழியருக்கும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்திலே பெறுதல் வேண்டும். கம்பனி மறுக்கும், விலை கூடும் என்று சொல்லும். அப்போது எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். வாசகங்களை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கின்றேன். அதற்குக் கட்டணம் இல்லை.