முழங்கை வலி எங்கிருந்து வருகிறது?



இன்று எழுத்துப் பாடம் வேண்டாம். ஒரு வலியைப் பற்றிப் பேசுவோம்.

என் அம்மா மூன்று வீடுகளில் துணி துவைத்தார். போன வருடம் அவருக்கு வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்தது. தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்தோம். குறையவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு வலி திரும்பியது. ஒரு வீட்டு வேலையும் போய்விட்டது.

இதற்குப் பெயர் டென்னிஸ் எல்போ என்றார்கள். அம்மா சிரித்துவிட்டார். "நான் எப்ப டென்னிஸ் ஆடினேன்?"

டென்னிஸ் ஆடியவர்களைப் பார்த்து 1883இல் இங்கிலாந்தில் வைத்த பெயர் அது. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கும் இந்த வலி வந்தது. 2004 அக்டோபரில் நம் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் போட்டி நடந்தது. முழங்கை வலியால் அவர் ஆடவில்லை. 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2010இல் அதே மைதானத்தில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 214 ரன் எடுத்தார்!

பயப்படாதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படாது.

இப்போது இடது கையால் வலது முழங்கையின் வெளி எலும்பைத் தொடுங்கள். வலது கையை இறுக மூடுங்கள். மணிக்கட்டை மேலே தூக்குங்கள். எலும்பை ஒட்டிச் சதை இறுகுகிறதா? மணிக்கட்டைத் தூக்கும் சதை, அந்த எலும்பில் நாரால் ஒட்டியிருக்கிறது. துணியை இறுக்கிப் பிழியும்போது அந்த நார் இழுபடும். நாள்தோறும் இழுபட்டால் நைந்துபோகும். ஊசி வலியை அமர்த்தும். ஆனால் பிழிவது நிற்காதே! ஊசி போட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்புவது அதிகம் என்று ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள்.

பிறகு பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மாவிடம் போனோம். அவர் ஒரு துண்டைக் கொடுத்தார். "இதைப் பிழிஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்கவே இல்லை. கழுத்து வலிக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். கழுத்து நரம்பு அழுந்தினாலும் முழங்கை வலிக்குமாம். அப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் காரணம் போர்வைதான். ஈரப் போர்வையின் கனம் உங்களுக்குத் தெரியும். அதைப் பிழிய வேண்டாம், அப்படியே கொடியில் போடுங்கள் என்றார். ஒரு பயிற்சியும் சொன்னார். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்த வேண்டும். மறு கையால் தூக்கிவிட வேண்டும்.

நான்கு மாதம் ஆனது. இப்போது அம்மா சொம்பைத் தூக்குகிறார். இரண்டு வீட்டு வேலை செய்கிறார். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஒரு வீட்டில் முணுமுணுத்தார்கள். சொட்டட்டும் என்று விட்டுவிட்டார்.