ஆறாம் வயதில் முளைக்கும் பல்

(மகளிர் குழுவினர், சத்துணவு அமைப்பாளர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. வாய் நலத்தைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேசுவோர் அரியர். பல்வலி என்பது வந்தவருக்கே உரிய துன்பம், ஊருக்கு அதில் என்ன வேலை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், வலியால் இரவெல்லாம் உறங்காத பிள்ளை மறுநாள் பள்ளியில் பாடத்தைக் கவனிப்பதில்லை. கன்னம் வீங்கிய உழவர் நடவு நாளிலே கூலியை இழக்கிறார். பல் இழந்த முதியவர் கீரையும் பயறும் மெல்ல இயலாமல் கஞ்சியோடு நின்றுவிடுகிறார். உடலும் நாளடைவில் மெலிகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றார்கள் நம் முன்னோர். நொறுக்குவதற்குப் பல் வேண்டுமல்லவா? ஆகவே, இதனை ஊர்ப் பொறுப்பாகவே கருத வேண்டும்.

இன்று நாம் முதன்மையாக வலியுறுத்த விரும்புவது ஒரு பல்லைப் பற்றியதாகும். குழந்தைக்குப் பால் பற்கள் 20. இவை விழுந்து, அவற்றின் இடத்தில் வேறு பற்கள் முளைக்கின்றன என்பதை எல்லோரும் அறிவர். ஆனால், ஏறத்தாழ ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் மேலும் கீழும் இரு புறமுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் புதியனவாக முளைக்கின்றன. இவை விழுந்து முளைக்கும் பற்கள் அல்ல. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டியவை. ஒன்றும் விழாமல் முளைப்பதால், பெற்றோர் பலர் இவற்றையும் பால் பற்களென்றே எண்ணிவிடுகின்றனர். சொத்தை விழுந்தாலும், “விழப்போகிற பல்தானே” என்று வாளாவிருக்கின்றனர். இவ்வாறு, மெல்லும் வேலையில் பெரும்பங்கு ஆற்ற வேண்டிய பல், பிள்ளை பத்து வயதைத் தாண்டுமுன்னரே பாழாகிவிடுகிறது. பிடுங்கினால் மீண்டும் முளைப்பதில்லை.

இதனைக் கண்டறிவது எளிது. பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவதாக நிற்பதே அப்பல். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் உணவுத் துணுக்குகள் எளிதில் தங்கும். பல் மருத்துவர் அப்பள்ளங்களை மூடி ஒரு காப்புப் பூச்சிடுவதும் உண்டு. பால் பற்களையும் புறக்கணித்தல் ஆகாது. பின்னர் வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பவை அவையே.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணத்தால் நம் ஊர்களில் அதனைப் பூச்சிப்பல் என்று கூறுகிறோம். உண்மையில் புழு எதுவும் இல்லை. வாயில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையைக் கரைக்கிறது. மில்லர் என்ற பல் மருத்துவ அறிஞர் 1890-இல் இக்கருத்தை நூலாக வெளியிட்டார். இனிப்பு ஒருமுறை வாயில் பட்டால், உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். நாளில் ஆறுமுறை இனிப்பைத் தின்னும் பிள்ளையின் பற்கள் மூன்று மணி நேரம் அமிலத்தில் ஊறுகின்றன என்று கணக்கிடலாம்.

ஆகவே, எவ்வளவு தின்றோம் என்பதைப் போலவே எத்தனை முறை தின்றோம் என்பதும் முக்கியமாகும். சுவீடன் நாட்டில் வீபெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நடைபெற்று 1954-இல் வெளியான ஆராய்ச்சி இதனைக் காட்டியது. அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியோரிடம் அவர்களுடைய இசைவின்றி நடத்தப்பட்டதால், அந்த ஆராய்ச்சி முறை பிற்காலத்தில் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆயினும், அதன் முடிவை நாம் மறத்தல் கூடாது. உணவோடு சேர்த்து உண்ட இனிப்பினால் சொத்தை அவ்வளவாகப் பெருகவில்லை. இடைவேளைகளில் தின்ற, பல்லில் ஒட்டும் மிட்டாய்களாலேயே மிகுதியாகப் பெருகிற்று.

நம் பெட்டிக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் அவ்வகைப் பண்டங்களே. வெல்லமும் கருப்பட்டியும் தீங்கு செய்யா என்று சிலர் கருதுகின்றனர். உடலுக்கு அவற்றில் சில நன்மைகள் இருக்கலாம். பல்லுக்கு அவையும் சர்க்கரையே. கமர்கட்டும் கடலை மிட்டாயும் பல்லில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பிஸ்கட் மாவாகிப் பல்லிடுக்கில் தங்கும். சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றிக் குழந்தையின் வாயில் வைத்தே உறங்கச் செய்வது மிகத் தீது. மேல்வரிசை முன்பற்கள் அதனால் கரைந்துபோகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அமைவது நலம். இது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு இன்னும் குறைவே.

அப்படியானால் எதை உண்பது? பிள்ளைக்குப் பசித்தால் சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி, மோர் ஆகியவற்றைக் கொடுங்கள். இனிப்பு வேண்டுமெனில் உணவோடு சேர்த்துக் கொடுங்கள். பல் உறுதி கருவிலேயே தொடங்குவதால் கருவுற்ற தாயின் உணவும் கவனத்திற்குரியது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் மிகச் சிறு பங்கே உள்ளது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், முட்டை, சிறுமீன் ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. 1956-இல் காமராசர் காலத்திலும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் வளர்ந்த பள்ளி உணவுத் திட்டம், 2022-இல் காலை உணவாகவும் விரிந்தது. வயிறு நிறைந்த பிள்ளை மிட்டாய்க் கடைக்கு ஓடுவது குறையும். இது வாய் நலத்திற்கும் துணை.

துலக்கும் முறையிலும் திருத்தம் தேவை. காலையில் மட்டும் துலக்கி இரவில் மறப்பது நம் வழக்கம். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் இரவில் துலக்குவதே மிக இன்றியமையாதது. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லின் மேலுறையைத் தேய்த்துவிடும். வேலங்குச்சியை மென்மையாக மென்று பயன்படுத்தலாம்; எனினும், சொத்தையைத் தடுப்பதில் ஃபுளோரைடு கலந்த பற்பசையே மேலானது. மூன்று வயதுவரை அரிசி மணியளவும், அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவும் போதும். பிள்ளை விழுங்காமல் துப்புமாறு பெரியவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பற்களில் காணும் பழுப்புக் கறை அழுக்கன்று, தேய்த்தால் போகாது. அங்கே பாதுகாக்கப்பட்ட குடிநீரே மருந்து.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். வெற்றிலை பாக்கு நம் மங்கல வழக்கம். தாம்பூலத் தட்டை எவரும் பழிக்கவில்லை. ஆனால், நாள்தோறும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பாக்கு, புகையிலை கலவாமலிருந்தாலும் புற்றுநோயை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அறிவித்தது. புகையிலை சேர்ந்தால் தீமை மேலும் பெருகும். இரண்டு வாரத்திற்குமேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி இல்லை என்று காத்திருப்பதே பெரும் ஆபத்து. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

இனி, ஊராகக் கூடிச் செய்ய வேண்டியவை சில. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மதிய உணவிற்குப்பின் பிள்ளைகள் வரிசையாக நின்று வாய் கொப்பளிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். இதற்குச் செலவில்லை, ஒரு குழாய் போதும். பள்ளிக்கு வரும் சிறார் மருத்துவக் குழுவினரிடம் ஆறாம் வயதுப் பல்லைப் பார்க்குமாறு கேட்கலாம். பள்ளியிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள்கள் விற்றலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் விற்பதை 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. ஆயினும், கடைக்காரரும் நம் ஊராரே; அவர் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமன்று. அவரை அழைத்துப் பேசிச் சுண்டலும் கொய்யாவும் மோரும் விற்கச் செய்து, அவற்றை நாமே வாங்குவோமானால், சட்டம் சண்டையின்றி நிறைவேறும்.

அடுத்த கிராம சபையில் சாலைக்கும் குடிநீருக்கும் இடையே இதற்கும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குமுன், இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயை விளக்கொளியில் திறந்து ஆறுவரை எண்ணுங்கள். அந்தப் பல் வெண்மையாக இருந்தால் காத்துக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.